பனிமலை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனவர்

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மண்டபம். முன்னால் என் கணவரின் பெட்டி. பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு பெரிய திரை, அதில் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. இங்கே எல்லாச் செத்தவீட்டிலும் இது வழக்கமாகிவிட்டது. கலியாணப் படம், மகளின் முதல் பிறந்தநாள், நயாகராவில் மழைக்கோட்டுக்குள் நனைந்துகொண்டு நிற்கிற படம் என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் இமயமலைப் படங்கள் வந்தன. அவற்றில் எல்லாம் அவர் பல் தெரியச் சிரிக்கிறார். பக்கத்தில் நான் கம்பளிக்குள் புதைந்து, சப்பாத்துக்குள் கல் போனவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அருகில் இருந்த ஒரு அன்ரி என் கையைப் பிடித்தார். "பாரும், கடைசிக் காலத்தில உம்மை எவ்வளவு வடிவான இடமெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். குடுத்து வைச்சனீர்."

எழும்பிப் போய் அந்தத் திரையின் வயரைப் பிடுங்கி எறியலாமா என்று இருந்தது. புருசனைப் பறிகொடுத்தவள் அழவேண்டும், வயர் பிடுங்கக்கூடாது. ஆகவே அழுதேன்.

அந்த மலையில் நின்றபோது, தான் சாகப்போவது அவருக்குத் தெரியும். மகளுக்குத் தெரியும். எங்களுக்கு அறை தந்த வீட்டுக்காரிக்கும் கார் ஓட்டியவருக்கும்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ஒரு கிழமை முழுக்க நான் ஒருத்திதான் அங்கே உல்லாசப் பயணி. இதை நான் இன்னும் ஒருவருக்கும் மன்னிக்கவில்லை. செத்தவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் பிறம்ரனில் ஒரு பெரிய களஞ்சியத்தில் வேலை செய்தார். ரூஜில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து நகரத்தின் மறு அந்தத்துக்கு நாள்தோறும் காரில் போய் வருவார். லீவு எடுப்பது என்பது அவர் அகராதியிலேயே இல்லை. அவரோடு வேலை செய்த ஒருவர் இமயமலைப் பக்கத்து ஆள். சாப்பாட்டு நேரத்தில் அந்த மனிதர் தன் ஊரின் தேவதாரு மரங்களையும், வெள்ளைக்காரன் விட்டுப்போன வீடுகளையும், காலையில் வெளிக்கிற பனிமலையையும் பற்றிக் கதைகதையாகச் சொல்லியிருக்கிறார். ஒருநாள் இவர் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அங்கே போவோம் என்றார்.

"எங்க? இமயமலைக்கோ? என்னத்துக்கு?"

"பனிமலை பாக்க."

"எங்கட டிரைவ்வேயில இல்லாத பனியோ அங்க கிடக்கு? வந்த நாளில இருந்து பனி அள்ளி அள்ளி நாரி முறிஞ்சுபோச்சு. போறதெண்டால் திருப்பதிக்குப் போவம். இல்லாட்டி ஊருக்குப் போய் நல்லூர்த் திருவிழாவைப் பாப்பம்."

"திருவிழாவை நீர் பிறகும் பாக்கலாம்" என்றார். அந்த 'நீர்' அப்போது என் காதில் ஏறவில்லை.

அவர் மெலிந்திருந்தார். அதை நான் காணாமல் இல்லை. நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். ஊர் பெயர் தெரியாத ஆட்களைக் குளிப்பாட்டி, அவர்களின் முதுகில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தாலும் தாதிக்குச் சொல்கிறவள். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருப்பதைக் கண்டு கேட்டேன். சுகருக்கு மருந்து மாற்றியிருக்கிறார்கள், மெலியத்தான் செய்யும் என்றார். மகளும் "ஓம் அம்மா, டொக்டர் சொன்னவர், நோர்மல்தான்" என்றாள். கனடாவிலே பிறந்து வளர்ந்த பிள்ளை, ஒளிக்கத் தெரியாதவள் என்று நினைத்திருந்தேன். எங்களிடமிருந்து அவள் வேறு எதைப் பழகினாளோ தெரியாது, இதை நன்றாகப் பழகியிருந்தாள்.

டெல்லியில் இறங்கி, ஒரு இரவு தங்கி, காரில் மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு நான் சத்தி எடுத்தேன். கார் ஓட்டியவர் நத்தை மாதிரி ஊர்ந்தார். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் கோர்ன் அடித்து ஏசிக்கொண்டு முந்திப் போயின. நல்ல மனிசன், என்னில் இரக்கப்பட்டு மெதுவாக ஓட்டுகிறார் என்று நினைத்து இறங்கும்போது கும்பிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்களும் புறப்பட்டுவிடுவீர்கள். ஒரு பெரிய மலைநகரத்துக்கு மேலே, சந்தடி இல்லாத சின்ன ஊர். கிளையை அகல விரித்த தேவதாரு மரங்கள். சிவப்புத் தகரக் கூரைகளும் புகைபோக்கிகளுமாக வீடுகள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இங்கிலாந்தின் ஏதோ ஒரு ஊரின் பெயர் பலகையில் எழுதியிருந்தது. அரச முடிச் சின்னம் பொறித்த பழைய தபால்பெட்டி ஒன்று, பூட்டிய தேவாலயம் ஒன்று, ரஸ்க்கும் இஞ்சி பிஸ்கட்டும் சுடுகிற ஒரு பேக்கரி. எல்லாவற்றையும் நடந்து பார்க்க ஒரு வட்ட ரோட்டு. மலையைச் சுற்றிக்கொண்டு போய், புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும்.

"உது எங்கட நுவரெலியா மாதிரித்தானே கிடக்கு" என்றேன். "உதுக்கோ இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தனீங்கள்?"

"நுவரெலியாவில பனிமலை இல்லையப்பா."

"இஞ்சயும்தான் காணேல்லை."

உண்மையாகவே காணவில்லை. ஊரின் வடக்கு விளிம்பில் ஒரு தேத்தண்ணிக்கடை இருந்தது. அதன் முன்னால் வருகிறவர்கள் உட்கார மர வாங்குகள் போட்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் பனிமலைத் தொடர் ஒரு அந்தத்திலிருந்து மறு அந்தம் வரைக்கும் தெரியுமாம். நாங்கள் போன நாள் முதல் மேகம்தான் தெரிந்தது. விடிய எழும்பிப் போவோம். வாங்கில் இருப்போம். வெள்ளையாக ஒன்றும் இல்லாததைப் பார்ப்போம். பிறகு வட்ட ரோட்டில் நடப்போம். அவர் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டுக் கல்லிலோ மதிலிலோ இருந்துவிடுவார். படம் எடுக்கச் சொல்லுவார். "என்னப்பா நீங்கள், நடக்க வந்தனீங்களோ குந்த வந்தனீங்களோ?" என்று நான் கத்துவேன். அவர் சிரிப்பார். அப்படி எடுத்த படங்கள்தான் பிறகு திரையில் ஓடின.

வீட்டுக்காரி ஒரு பட்டாளத்துக்காரரின் விதவை. முழங்கால் வரை கம்பளிச் சால்வை, வாயில் நல்ல ஆங்கிலம். அந்த ஊரை வெள்ளைக்காரர் தொடங்கியதே தங்கள் சிப்பாய்களுக்கு வருத்தம் தீர்க்கத்தான் என்று சொன்னாள். சமவெளியின் வெக்கையில் காய்ச்சலில் கிடந்தவர்களைப் பல்லக்கில் தூக்கிவந்து இந்தக் காற்றில் கிடத்துவார்களாம். எல்லோரும் சுகமாகித் திரும்பிப் போனார்களா என்று என் கணவர் கேட்டார். கொஞ்சப் பேர் போனார்கள், மற்றவர்கள் அந்தச் சரிவில் படுத்திருக்கிறார்கள் என்று அவள் யன்னலைக் காட்டினாள். அவர் எழும்பிப் போய் யன்னலால் அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அலுப்பாக இருந்தது.

காலையில் அவருக்கு மட்டும் தனியாகக் கஞ்சி வரும். உறைப்பில்லாத பருப்பு வரும். சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில் சுற்றி, கதிரையில் அவர் முதுகுக்குப் பின்னால் வைப்பாள். எனக்கு ஒரு கப் தேத்தண்ணியும் பரோட்டாவும். என்ன இந்த மனிசி இவரைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உவவுக்கு என்ன உங்களில இவ்வளவு அக்கறை?" என்று கேட்டும் விட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்து, சிரிப்பு இருமலாகி, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒருநாள் மத்தியானம் அந்தச் சரிவில் இருக்கிற வெள்ளைக்காரரின் மயானத்துக்குப் போகவேண்டும் என்று நின்றார். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பிரேதம் படலை தாண்டினால் பெண்கள் திரும்பிவிடுவார்கள். "சுடலை பாக்கவோ பிளேன் ஏறி வந்தனாங்கள்?" என்று சொல்லி இரும்புக் கேற்றடியிலேயே நின்றுவிட்டேன். அவர் தனியாக உள்ளே இறங்கினார். பாசி பிடித்த சிலுவைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து வாசித்துக்கொண்டு போனார். அங்கே இலை கூட்டிக்கொண்டிருந்த காவல்காரர் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு அவரோடு கதைத்தார். அவருக்கு ஹிந்தி தெரியாது, காவல்காரருக்கு வேறொன்றும் தெரியாது. என்றாலும் என்னவோ நெடுநேரம் கதைத்தார்கள். பிறகு காவல்காரர் அவருடைய தோளில் கையை வைத்தார். அந்தக் கை அங்கேயே இருந்தது.

தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். குளிர் காலால் ஏறிக்கொண்டிருந்தது. கெதியாக வரச்சொல்லிக் கூப்பிட்டேன். இப்போது எனக்கு அந்தக் கேற்றடிதான் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் தன் சாவைப் பற்றி யாரோ ஒரு இலை கூட்டுகிறவரோடு, ஒரு பாசையும் இல்லாமல் கதைத்துக்கொண்டிருக்க, அவருடைய பெண்சாதி வெளியே நின்று குளிருகிறது என்று கத்திக்கொண்டிருக்கிறாள். அந்தத் தோளில் இருந்திருக்க வேண்டியது என் கை. எனக்குச் சொல்லியிருந்தால் சுடலையாவது மண்ணாங்கட்டியாவது, உள்ளே போயிருப்பேன்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். செய்தி காதில் விழுந்தால் பிறகு சோறு இறங்காது, இறக்கவும் கூடாது. அதனால் செய்தி கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, சாப்பிட்டாச்சா என்றுதான். இல்லையென்றால் எதையாவது போட்டுத் தின்னவைத்து, தண்ணி குடிக்கவிட்டு, பிறகுதான் வாயைத் திறப்பார்கள். அவருடைய அம்மா, என் மாமி, யாழ்ப்பாணத்தில் மோசம்போன செய்தி ரெலிபோனில் வந்தபோது இவர் வேலையில் நின்றார். நான் அழுது முடித்து, முகம் கழுவி, அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக் காத்திருந்தேன். வந்து வயிறாரச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். கை கழுவிவிட்டு வந்ததும் சொன்னேன். அழுது ஓய்ந்தபிறகு என் கையைப் பிடித்து, "நல்லகாலம், சாப்பிட்ட பிறகு சொன்னீர்" என்றார். அதை அவர் மறக்கவேயில்லை. ஆட்களுக்கு என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லுவார்.

அந்த மலையில் என்னை அவர் தின்னவைத்துக்கொண்டே இருந்தார். தேத்தண்ணிக்கடையில் முட்டைப் பொரியலும் பணிசும் எனக்கு மட்டும் சொல்லுவார். பேக்கரியில் சுடச்சுட பிஸ்கட் வாங்கி என் கோட்டுப் பைக்குள் திணிப்பார். தான் ஒன்றும் தொடமாட்டார். கேட்டால், "நீர் முதல் சாப்பிடும்" என்பார். நல்ல புருசன் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

கடைசிநாள் விடியவும் வாங்கில் போய் இருந்தோம். வழக்கம்போல மேகம். நான் பெட்டி அடுக்குகிற கதை கதைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கடைக்காரர் கேத்திலை வைத்துவிட்டு வெளியே ஓடிவந்தார். மேகம் நடுவாலே கிழிந்து, அதற்குள் மலை தெரிந்தது. நான் எதிர்பார்த்த உயரத்தில் அல்ல, அதற்கு எவ்வளவோ மேலே, வானம் என்று நினைத்திருந்த இடத்தில். முதலில் இளஞ்சிவப்பாக இருந்தது, பிறகு பொன் நிறமாகி, பிறகு சும்மா வெள்ளையாகிவிட்டது. அவருடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையில் எலும்பு மட்டும்தான் இருந்தது. அதையும் உணர்ந்தேன், ஆனால் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சேரும்" என்றார் அவர். "உமக்கு ஒண்டு சொல்லவேணும்."

"என்ன வடிவப்பா" என்றேன் நான். "ஐயோ, நான் உங்களைச் சும்மா ஏசிப்போட்டன். அடுத்த முறை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவம். என்ன? கட்டாயம் வருவம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கிழமை முழுக்க நான் சிரித்தது அப்போதுதான். என் கம்பளியை இழுத்துச் சரிசெய்துவிட்டார். பிறகு, "ஓம், வருவம்" என்றார்.

"என்னவோ சொல்லவேணும் எண்டனீங்கள்?"

"ஒண்டுமில்லை. தேத்தண்ணி ஆறுது, குடியும்."

மேகம் மூடிக்கொண்டது. போன் பைக்குள் கிடந்தது, படம் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மண்டபத்துத் திரையில் அந்தப் படம் மட்டும் இல்லாமல் போனது அதனால்தான்.

மலையில் வைத்துச் சொல்வதாகத்தான் அவர் மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாளாம், மலையில் சொல்லாவிட்டால் வீட்டுக்கு வந்ததும் தான் சொல்லிவிடுவேன் என்று. செத்தவீடு முடிந்த பிறகு ஒருநாள் இதையெல்லாம் கேட்டு அவளோடு சண்டை பிடித்தேன். "அப்பா பிராமிஸ் வாங்கினவர் அம்மா, நான் என்ன செய்யிறது? ஒரு ட்ரிப்பாவது நீங்கள் ஹாப்பியா இருக்கவேணும் எண்டவர்" என்று அழுதாள். ஹாப்பியாக நான் எங்கே இருந்தேன்? ஏசிக்கொண்டல்லவா இருந்தேன். தெரிந்திருந்தால் அந்த வட்ட ரோட்டை அவரோடு ஒவ்வொரு கல்லிலும் இருந்து இருந்து சுற்றியிருப்பேன். கஞ்சியை நான் காய்ச்சியிருப்பேன். அவரோடு அங்கே நின்றது நான் இல்லை, ஒன்றும் தெரியாத ஒரு மனிசி. தெரிந்த பிறகு எனக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரி மட்டும். அங்கே வலிக்கு மருந்து ஏற்றினார்கள், அவர் நித்திரையாய்க் கிடந்தார். நான் கேட்க வைத்திருந்தது எல்லாம் என்னிடமே கிடக்கிறது. வீட்டில் அவருடைய கதிரையைப் பார்த்துக் கேட்டுப் பார்க்கிறேன். மகள் வேலைக்குப் போனபிறகு சத்தமாகவும் கேட்கிறேன். இதற்கு ஒரு ஆறுதலும் இல்லை, இருக்கும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவேண்டாம்.

நாங்கள் திரும்பி வந்த அன்று மகள் விமான நிலையத்துக்கு வந்து ஏற்றினாள். வழிநெடுக அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். நான்தான் மலை வெளித்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக் கதவைத் திறந்ததும் மீன்குழம்பு மணத்தது. மகள் சமைக்கிற பிள்ளை இல்லை. மேசையில் புட்டும் மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் மூடி வைத்திருந்தாள். கோட்டைக் கழற்றக்கூட விடாமல் என்னைக் கதிரையில் இருத்தினாள்.

"அம்மா, ஃபர்ஸ்ட் சாப்பிடுங்கோ. பிறகு கதைப்பம்."

நல்ல பசி. குழைத்து இரண்டு வாய் வைத்தேன். நல்லாயிருக்குப் பிள்ளை, எங்க பழகினனீ என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். அவள் தனக்கு ஒரு சாப்பாட்டுக் கோப்பை எடுக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நான் விழுங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதிரில் அவரும் இருந்தார். அவருடைய கோப்பையும் வெறுமையாக இருந்தது.

அப்போது எனக்கு விளங்கியது. எங்கள் ஆட்களுக்கு இது விளங்காமல் போகாது. யாரோ போய்விட்டார்கள். யாழ்ப்பாணத்தில் என் அண்ணைக்கு இதய வருத்தம். நாங்கள் ஆகாயத்தில் இருந்த நேரம் நடந்திருக்கவேண்டும். கையில் இருந்த புட்டு கையிலேயே நின்றது.

"ஆர்?" என்று கேட்டேன். "அண்ணையோ?"

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவர் தன் கதிரையை இழுத்து எனக்குக் கிட்ட வந்து இருந்தார்.

"அண்ணை இல்லையப்பா," என்றார். "நான்தான்."

பிறகு என் கோப்பையை என் பக்கமாக மெல்லத் தள்ளினார்.

"நீர் முதல் சாப்பிட்டு முடியும்."